குசினிக்கு எயார் கூலர்: திருகோணமலை வெயிலில் எவ்வளவு பயன்?

40 லீற்றர் தொட்டி, தேனடை மாதிரியான அட்டைப் பட்டை, 200 வோட் அளவு மின்சாரம். சாப்பாட்டுக் கடைக் குசினிக்கு வாங்கும் எயார் கூலரில் இந்த அளவைத்தான் இங்கே பார்க்கிறோம். ஏசி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம். கச்சான் காற்று காய்ந்து வீசும் நாட்களில் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

பட்டையில் ஊறிய தண்ணீர் ஆவியாகித்தான் காற்று குளிரும்; காற்றில் ஈரம் கூடினால் ஆவியாவது குறையும். ஆகவே எல்லாம் ஈரப்பதனில் தங்கியிருக்கிறது. வெளிக்காற்று 35 பாகை, ஈரப்பதன் 50 வீதம் என்றால் நல்ல பட்டை 28 பாகைக் காற்றைத் தரும். கடற்காற்று ஏறி 31 பாகை, 80 வீதம் ஆனதும் இரண்டரைப் பாகை குறைந்தாலே பெரிய காரியம். உப்புவெளி, நிலாவெளிக் கரையோரக் கடைகள் இதை யோசித்துவிட்டு வாங்கட்டும். மாரியில் மூலையில் வைத்துவிடலாம்.

அதிகம் பிழைப்பது வைக்கும் இடத்தில். குசினி நடுவில் வைத்தால் சோற்றுப்பானை ஆவியையே திரும்பத் திரும்ப இழுக்கும். உள்ளே புழுங்கி வியர்வை காயாது. எண்ணெய்ப் புகை படிந்த பட்டையில் தண்ணீரும் ஊறாது. கூலரின் முதுகு திறந்த யன்னலோடு ஒட்டி இருக்க வேண்டும். எதிர்ச் சுவரில், அடுப்புக்கு மேலே, 12 அங்குல எக்ஸோஸ்ட் விசிறி. 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் என்றால் 60 கன மீற்றர்; மணிக்கு 1,500 கன மீற்றர் இழுக்கும் விசிறி அந்தக் காற்றை 25 தடவை மாற்றும். வலையில் எண்ணெய் பிடித்தால் இந்தக் கணக்குச் செல்லாது, வாராவாரம் கழற்றிச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் எக்ஸோஸ்ட்தான் முதலில்.

காற்று ஆளின் முதுகில் படட்டும், அடுப்பில் படக்கூடாது. சுவாலை சாய்ந்தால் சட்டி சூடேறாது, அணைந்தால் காஸ் பரவும். கொத்துக் கல்லுக்கு முன்னால் நிற்பவருக்குக் கூலர் பாதி உதவிதான். கல்லின் கதிர்ச்சூட்டைக் காற்று தடுக்காது. அடுப்பின் முன்பக்கத்தில் இரண்டு அங்குலம் விலக்கி ஒரு மினுங்கும் எவர்சில்வர் தகடு அடியுங்கள். பேர்ணருக்குக் காற்றுப் போகக் கீழே இடைவெளி வேண்டும்.

கூலரோடு வரும் ஐஸ் பெட்டி வெறும் விற்பனை அலங்காரம். 1 கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம் 334 கிலோயூல். 1 லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது இழுப்பதோ சுமார் 2,400. அந்த ஐஸைத் தேசிக்காய்த் தண்ணீரில் போட்டு, ஒரு சிட்டிகை உப்போடு ஆட்களுக்குக் கொடுங்கள்: 15–20 நிமிடத்துக்கு ஒருக்கால் 250 மில்லிலீற்றர்.

உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் பட்டையில் வெள்ளைப் படிவு கட்டும். வினாகிரித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே மிச்சத் தண்ணீரில் புதுத் தண்ணீரைக் கலக்காமல் தினமும் இரவில் முழுதாக வடித்துவிடுங்கள். பிறகு பம்பை நிறுத்தி, விசிறியை மட்டும் பட்டை காயும்வரை ஓடவிடுங்கள். காய வைக்காமல் விட்டால் விடிய மீன்வாடி மணம்.

பிளக் ஈரத் தரையிலிருந்து உயரத்தில், ட்ரிப் சுவிட்ச் உள்ள லைனில் இருக்கட்டும். வாங்கும்போது பட்டையும் பம்பும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். கிடைக்காத மொடல் மலிவாக இருந்தாலும் வேண்டாம்.