ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது

என் பழைய போனை மேசையில் வைத்தால் பம்பரம் மாதிரிச் சுழலும். அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. அக்கா மகன்தான் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தி, பேட்டரி உப்பியிருக்கு. இதையா தலைமாட்டுல வச்சுத் தூங்குறீங்க?" என்றான். அதற்கு ஆறு மாதம் முன்பே அப்டேட் வருவது நின்றுபோயிருந்தது. வங்கிச் செயலியும் இனி இந்தப் போனில் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. இதற்கு மேலும் தள்ளிப்போட முடியாது.

எனக்கு இருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: போன் ஒரு கைக்குள் அடங்க வேண்டும். அப்படிச் சலித்ததில் ஆப்பிளின் ஐபோன் 15, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 இரண்டும்தான் மிஞ்சின. முன்னது 2023 செப்டம்பரில் வந்தது, பின்னது 2024 ஜனவரியில். இரண்டுக்கும் அடுத்த மாடல்கள் வந்துவிட்டன. அதனால் என்ன, எனக்குப் புதுசு மோகம் கிடையாது.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கின்றன. எடை 171 கிராம், 167 கிராம். திரை 6.1 அங்குலம், 6.2 அங்குலம். நீர், தூசித் தடுப்பு இரண்டிலும் ஐபி68. அட்டவணையை எத்தனை தரம் படித்தாலும் முடிவுக்கு வர முடியவில்லை. நல்ல வேளையாக அக்கா மகனிடம் ஐபோன் 15 இருந்தது, அவனுக்குத் தேர்வு நேரம் என்று அக்கா அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்திருந்தாள். தம்பியிடம் எஸ்24. அவனுக்கு அலுவலகத்தில் வேறு போன் கொடுத்திருந்தார்கள். என் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, ஆளுக்கு ஒரு வாரம் என்று இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.

முதல் வாரம் ஐபோன். வழவழப்பாக இருக்கிறது, பயமுறுத்தாமல் வேலை செய்கிறது. ஒரு வாரத்தில் அமைப்புகள் பக்கத்துக்குள் நான் இரண்டே தடவைதான் போனேன். முகத்தைப் பார்த்துத் திறக்கும் வசதி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி அளவெடுக்கிறதாம். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு போனைத் திறக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஐபோனில் முந்தைய பக்கத்துக்குப் போக இடது ஓரத்திலிருந்து தள்ள வேண்டும், அது பெரிய இம்சை என்று தம்பி முன்கூட்டியே எச்சரித்திருந்தான். எனக்கு அது இம்சையாகவே படவில்லை. காரணம் சிரிப்பாக இருக்கும். நான் மெய்ப்புத் திருத்துபவள், அதாவது அச்சுக்குப் போகும் முன் பக்கங்களில் பிழை பார்ப்பவள். வலக்கையில் எப்போதும் பேனா இருக்கும், போனைப் பிடிப்பது இடக்கையில். கட்டைவிரல் தானாகவே அந்த ஓரத்தில்தான் கிடக்கிறது.

தட்டச்சிலும் ஐபோன் ஆச்சரியப்படுத்தியது. நான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் பழகியவள். க-வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகிவிடும் சுகம் பழகியவர்களுக்குத்தான் தெரியும். ஐபோனில் தமிழ்99-ம், ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் எழுதும் அஞ்சல் முறையும் 2013 முதலே கூடவே வருகின்றன, எதையும் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. எஸ்24-ல் நான் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியைப் போட்டுக்கொண்டேன். ஐந்து நிமிட வேலைதான். என்றாலும் முதல் மதிப்பெண் ஐபோனுக்கு.

இரண்டாம் வாரம் எஸ்24. இதன் திரை நொடிக்கு 120 முறை வரை புதுப்பிக்கப்படுகிறது, ஐபோன் 15-ல் 60. இதெல்லாம் இளைஞர்களின் கவலை என்று நினைத்திருந்தேன். முதல் நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான்காம் நாள் ஏதோ படம் எடுத்து அனுப்ப ஐபோனைத் திரும்பக் கையில் எடுத்தபோதுதான், பக்கத்தைத் தள்ளும்போது எழுத்துகள் மசமசவென்று இழுபடுவது கண்ணில் பட்டது. அதற்கப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை.

ஆனால் என்னைச் சாய்த்தது அது இல்லை. பேருந்தில் உட்கார்ந்து பிடிஎஃப் படிப்பது என் அன்றாடம். ஒரு சொல்லில் ஐயம் வந்தால் அகராதியைத் திறக்க வேண்டும், பார்த்துவிட்டு மறுபடி வரியைத் தேட வேண்டும். ஐபோனில் ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் திரையில் நிற்கும். ஐபேடில் திரையைப் பிரிக்கலாம், ஐபோனில் அந்த வசதி இல்லை. எஸ்24-ல் மேலே மெய்ப்பு, கீழே அகராதி என்று நடுவில் கோடு போட்டுக்கொள்ளலாம். 6.2 அங்குலத்தை இரண்டாக்கினால் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். கொஞ்சம்தான் மிஞ்சும், விசைப்பலகை மேலெழுந்து வந்தால் மேலே நான்கு வரி தெரிந்தால் அதிகம். ஆனால் அந்த நான்கு வரிக்குள்தான் நான் சந்தேகப்பட்ட சொல் இருக்கிறது! முதல் வாரம் முழுக்க எந்த வரியில் விட்டேன் என்று தேடித் தேடிக் களைத்த எனக்கு, பதின்மூன்று பக்கம் ஒரே மூச்சில் முடிந்ததும் போனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சரி, கேமராவுக்கு வருகிறேன். எனக்குப் பூவையும் நிலாவையும் படம் எடுக்கும் பழக்கம் இல்லை. மகள் ஷட்டில் ஆடுகிறாள். நான் மாடத்தில் உட்கார்ந்து எடுக்க வேண்டும். ஐபோன் 15-ல் தொலைவுக்கென்று தனி லென்ஸ் கிடையாது. 48 மெகாபிக்சல் கேமராவின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து இரண்டு மடங்கு ஜூம் தருகிறது, அது நன்றாகவே இருக்கிறது. அதற்கு மேல் போனால் மகளின் முகம் நீர்வண்ண ஓவியமாகிவிடும். எஸ்24-ல் மூன்று மடங்குக்கென்றே 10 மெகாபிக்சலில் தனி லென்ஸ் உண்டு. சர்வீஸ் போட நிற்கும்போது அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்பது அந்தப் படத்தில்தான் எனக்கே தெரிந்தது. ஒரு விஷயம்: தொலைவு லென்ஸ் சிறியது, உள்ளே வரும் ஒளியும் குறைவு. உள்ளரங்கில் வெளிச்சம் மட்டாக இருந்தால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளி விழுவது இயல்பு. வீடியோ என்றால் பேச்சே இல்லை, ஐபோன்தான். ஓடி ஓடி எடுத்தாலும் நிறம் மாறாமல் நிற்கிறது. நான் வீடியோ எடுத்தால் ஒருவரும் பார்ப்பதில்லை, அதனால் அந்த மதிப்பெண்ணைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

பேட்டரி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வீடியோ ஓடும் நேரமாக ஆப்பிள் 20 மணி வரை என்கிறது, சாம்சங் 29 மணி வரை. நான் இருபது மணி நேரம் வீடியோ பார்த்தால் கண்தான் முதலில் தீரும். என் புழக்கத்துக்கு இரண்டும் இரவு வரை தாங்கின. உப்பிய பேட்டரியோடு குடும்பம் நடத்தியவள் என்பதால் நான் தேடிப் பார்த்தது வேறு: 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி. சூடும், எப்போதும் நிறைந்தே இருப்பதும் லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழமாக்கும். அந்த வசதி இரண்டிலும் இருக்கிறது.

எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதில்தான் பழைய காயம் பேசியது. எஸ்24-க்கு ஏழு ஆண்டு என்று சாம்சங் வாக்குக் கொடுத்திருக்கிறது, அதாவது 2031 வரை. போன் வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டும், நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. என்னைப் போலத் தாமதமாக வாங்குபவர்கள் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் இப்படி எண் சொல்லி விளம்பரம் செய்வதில்லை. ஆனால் 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024-ன் இயங்குதளமான ஐஓஎஸ் 18 கிடைத்தது. ஒருவர் எழுதிக் கொடுக்கிறார், இன்னொருவர் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார். எது பெரிது? எனக்கு இதில் இரண்டும் சமம்.

சிப் எது வேகம் என்று தம்பி ஒரு மணி நேரம் விளக்கினான். தலையாட்டிக்கொண்டே கேட்டேன். பிடிஎஃப் திறக்க அவ்வளவு வேகம் வேண்டாம்.

எஸ்24-ஐயே வாங்கினேன். அகராதியும் நாக்கைக் கடித்த படமும் சேர்ந்து ஐபோனின் முகத்திறப்பையும் வீடியோவையும் தட்டில் தூக்கிவிட்டன. வீட்டில் எல்லோரும் ஐபோனில் இருந்து, நாளெல்லாம் படங்களைக் கைமாற்றிக்கொள்பவர்களாக இருந்தால் என் கணக்கு அப்படியே தலைகீழாகியிருக்கும். வீடியோ எடுப்பதே வேலை என்றாலும் அப்படித்தான். அக்காவுக்கு நான் ஐபோனைத்தான் சொல்வேன். அவள் எந்த அமைப்பையும் தொட மாட்டாள், தொட வேண்டிய தேவையும் அதில் வராது.

பெட்டியைப் பிரித்த இரவு ஒரு கூத்து நடந்தது. உள்ளே கேபிள் மட்டும்தான் இருந்தது, சார்ஜர் இல்லை. இரண்டு நிறுவனங்களும் இப்போது அப்படித்தான் தருகின்றன. கேபிளின் இரு முனையும் டைப்-சி. என் பழைய சார்ஜரிலோ அகலமான பழைய துளை. மணி பத்து, போனில் பதினொரு சதவீதம். அக்கா மகனிடம் கேட்டதும் தன் ஐபோன் சார்ஜரை எடுத்துக்கொண்டு வந்தான். 2024 முடிவுக்குள் தன் நாடுகளில் விற்கும் புதுப் போன்கள் எல்லாம் டைப்-சிக்கு மாற வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது நினைவிருக்கலாம். ஐபோன் 15-தான் அப்படி மாறிய முதல் ஐபோன். சொருகியதும் ஏறத் தொடங்கியது.

"சித்தி, அவ்வளவு ஆராய்ச்சி பண்ணி வாங்குனீங்களே, கடைசியில என் சார்ஜர்லதான் நிக்குது" என்றான். அந்த சார்ஜரை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.