வட்டியில்லாத் தவணை என்றார்கள், நான்கு ஓடிபி சொன்னேன்

கையில் முழுப் பணத்தை வைத்துக்கொண்டே ஒரு போனைத் தவணையில் வாங்கி, ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் இழந்திருக்கிறேன். பணம் போனதைவிட, அதனால் மகளின் கல்விக் கடன் இரண்டு மாதம் தள்ளிப்போனதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. கல்லூரி திறக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் போன் வாங்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுப்பார்கள். 2025 ஜூனில் மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்தது. அவளுக்கு ஒரு நல்ல போன் வாங்குவதற்கென்றே சீட்டு எடுத்து 20,000 ரூபாய் வைத்திருந்தேன். ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனோம்.

அவள் பிடித்துப்போய் எடுத்த போனில் 20,999 என்று ஒட்டியிருந்தது. பேசிப் பார்த்தால் குறைப்பார்கள் என்று நினைத்து நான் வாயைத் திறப்பதற்குள், டி-சர்ட் போட்ட ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான். கடைப் பையன் என்றுதான் நினைத்தேன். அவன் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆள், கடைக்குள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"எதுக்குங்க்கா மொத்தமாக் குடுக்கறீங்க? பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டோணும், ஹாஸ்டல் பாக்கோணும். வட்டியே இல்லீங்க்கா, பத்துக்கு ரெண்டு ஸ்கீம். ரெண்டு தவணையை இப்பக் கட்டுங்க, மீதி எட்டு மாசம் மெதுவாக் கட்டிக்கலாம்."

ஹாஸ்டல் என்றதும் நான் விழுந்துவிட்டேன். முன்பணம், மெத்தை, வாளி, தட்டு என்று வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. வட்டி இல்லாதபோது கையில் பத்துப் பதினாலாயிரம் மிச்சம் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றியது. "கேஷுக்குக் கொடுத்தால் என்ன விலை?" என்ற ஒரு கேள்வியை நான் அந்த இடத்தில் கேட்கவே இல்லை.

அடுத்த இருபது நிமிடத்தில் நடந்ததை இப்போது எஸ்எம்எஸ்களை வைத்துத்தான் கோர்த்துப் பார்க்கிறேன். அவன் என் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கி டேப்பில் தட்டிக்கொண்டே இருந்தான். "அக்கா, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்றான். சொன்னேன். இப்படி நான்கு முறை. அந்த நான்கு எஸ்எம்எஸ்களும் இன்னும் என் போனில் இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலம். முதலாவது, என் ஆதார் விவரத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதம். இரண்டாவது, 23,000 ரூபாய் கடனுக்கான நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்று. மூன்றாவது, மாதா மாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள அனுமதி. நான்காவது, எக்ஸ்டெண்டெட் வாரண்டி வேண்டும் என்று நானே கேட்பதாக. நான் எஸ்எம்எஸ்ஸில் இருந்த எண்களை மட்டும் பார்த்து வாசித்தேன், மேலே இருந்த வரியை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. மகள் அந்தப் பக்கம் கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் ஓடிபி சொல்லக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்து சிரித்த முகமாகப் பேசுகிற பையனிடம் சொல்வதும் அதே ஆபத்துதான் என்று அன்று புரியவில்லை. அந்த ஒவ்வொரு எண்ணும் என் கையெழுத்து.

போனோ 20,999. கடன் எப்படி 23,000 ஆனது? வாரண்டி 1,499. கவர், ஸ்க்ரீன் கார்டு சேர்த்து காம்போ 502. இரண்டையும் நான் கேட்கவில்லை. கவரைக் கடையில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றே நினைத்து நன்றிகூடச் சொன்னேன். மாதத் தவணை 2,300. அன்றைக்கே இரண்டு தவணை 4,600, பிராசஸிங் கட்டணம் 699, இஎம்ஐ கார்டு என்று 599, ஆக 5,898 ரூபாய் கட்டிவிட்டு வெளியே வந்தேன். கடன் பத்திரம் எல்லாம் மெயிலில் வரும் என்றான். எனக்கு மெயில் கிடையாது என்றேன். "நானே ஒண்ணு போட்டுக்கறேங்க்கா" என்றான். அவன் எதைப் போட்டானோ, எனக்கு ஒரு காகிதமும் வரவில்லை. மிச்சம் வைத்த பணம் ஜூலைக்குள் ஹாஸ்டலுக்கே கரைந்துவிட்டது.

பத்து நாள் கழித்து எங்கள் செக்ஷனில் ஒரு பெண் அதே போனை, அதே நிறத்தில் வாங்கி வந்தாள். பி.என். ரோட்டில் ஒரு சின்னக் கடையில், ரொக்கம், 19,300 ரூபாய். வயிற்றைப் பிசைந்தது. வட்டி எங்கே ஒளிந்திருந்தது என்று அன்றுதான் விளங்கியது. ரொக்கமாக வாங்குகிறவருக்குக் குறைக்கக்கூடிய விலையை எனக்குக் குறைக்கவில்லை. வட்டியில்லாத் திட்டங்களில் பொதுவாக அந்தத் தள்ளுபடிதான் வட்டியாக ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போகிறது. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியைப் பிராசஸிங் கட்டணத்தில் மறைத்து வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் கடை வாசலில் அதே வாசகம்தான் தொங்குகிறது.

எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் தம்பி இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 19,300 ரூபாய்ப் பொருளுக்கு முதல் நாளே 5,898 கட்டிவிட்டேன். அப்படியென்றால் எனக்கு உண்மையில் கிடைத்த கடன் 13,402. அதற்கு எட்டு மாதத்தில் திருப்பிக் கட்டுவது 18,400. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் ஏழரை ரூபாய் வட்டி. வாரண்டியும் கவரும் எனக்கு வேண்டிய பொருள்தான் என்று வைத்துக் கழித்தாலும் நாலு வட்டிக்குக் குறையவில்லை. வங்கியில் நகைக் கடன் வாங்கினால் பொதுவாக நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்குள்தான் வட்டி வரும். ஏழரை வட்டிக்கு ஒருவர் வீட்டுக்கு வந்து பணம் கொடுத்திருந்தால் கந்துவட்டி என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இதோடு முடிந்திருந்தால் ஐயாயிரத்தோடு போயிற்று என்று விட்டிருப்பேன். ஜூலைத் தவணை ஒழுங்காகப் போனது. ஆகஸ்ட் 2 சனிக்கிழமை. எனக்குச் சம்பளம் சாயங்காலம், தவணைக்குப் பணம் எடுக்க வந்தது காலையில். முன்பெல்லாம் வங்கி வேலை நாளில்தான் இப்படி எடுப்பார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து ஞாயிறு, விடுமுறை என்று எல்லா நாளும் எடுக்கலாம். கணக்கில் 140 ரூபாய்தான் இருந்தது. திரும்பிவிட்டது. வங்கி அதற்கு 295 ரூபாய் பிடித்தம் போட்டது, அதாவது 250-ம் அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும். ஃபைனான்ஸ் கம்பெனி தன் பங்குக்கு 590.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திரும்பிய சேதி தெரிந்ததும் திங்கட்கிழமை வேலைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, வங்கிக்குப் போய்ச் சரியாக 2,300 கட்டினேன். நிம்மதியாகத் திரும்பி வந்தேன். ஆனால் நான் கட்டியவுடன் வங்கி தன்னுடைய 295-ஐ முதலில் எடுத்துக்கொண்டது. மிச்சம் 2,145. புதன்கிழமை மறுபடி தவணைக்கு வந்தார்கள், 155 ரூபாய் குறைந்ததால் மறுபடி திரும்பியது, மறுபடி 295. பணம் கட்டிய பிறகும் எப்படித் திரும்பும் என்று எனக்குப் புரியவே இல்லை. தவணை ஒருமுறை தவறினால், கட்டும்போது தவணைத் தொகையோடு வங்கிப் பிடித்தத்தையும் சேர்த்துப் போடுங்கள். இதை எனக்கு வங்கியிலும் யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வசூல் ஆட்களின் போன். கம்பெனி நேரத்தில், பனியன் பீஸ் கையில் இருக்கும்போது, நாளுக்கு ஆறேழு தடவை. நான் பணத்தைக் கணக்கில் போட்டிருக்கிறேன், 590 எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மிரட்டினார்கள். எனக்கும் ரோஷம் வந்து, விளக்கம் சொல்லும்வரை கட்ட மாட்டேன் என்று நின்றேன். அது தப்பு. 2025 ஜனவரியிலிருந்து கடன் விவரத்தை மாதம் இரண்டு முறை, 15-ம் தேதியும் மாதக் கடைசியும் நிலவரப்படி, யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிந்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பிவந்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று அவர்கள் அனுப்பிய லிங்க்கில், தவணையும் அந்த 590-ம் சேர்த்து 2,890 கட்டினேன். அதற்குள் 15-ம் தேதிக் கணக்கில் 13 நாள் தாமதம் என்று பதிவாகிவிட்டது.

செப்டம்பரில் மகளின் கல்விக் கடனுக்காக வங்கிக்குப் போனபோது அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பெற்றோர் கூட்டுக் கடனாளி என்பதால் என் சிபிலைப் பார்க்கிறார்கள். "போன் லோனாம்மா? இதைப் போய் ஏம்மா விட்டீங்க?" என்று வருத்தத்தோடுதான் கேட்டார். விளக்கக் கடிதம், தவணை கட்டிய ரசீது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடன் நவம்பரில்தான் வந்தது. கட்டணக் கெடு அதுவரை காத்திருக்கவில்லை. என் கம்மலை அடகு வைத்துக் கட்டினேன்.

ஃபைனான்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன், மகள்தான் எழுதித் தந்தாள். 590 மட்டும் திரும்பி வந்தது, அதுவும் கடைசித் தவணையில் கழித்துக்கொண்டார்கள். வாரண்டிக்கு நான் ஓடிபி கொடுத்திருப்பதால் ரத்து செய்ய முடியாது என்று பதில். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் போகலாம், 14448-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே வழி கேட்கலாம். கடைக்காரர் மேல் புகார் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. வாரண்டிப் புகாரை நான் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

ரொக்கம் இல்லாதவர்கள் தவணையில் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் செக்ஷனில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள், வேறு வழியும் இல்லை. ஆனால் தவணைப் பேச்சை எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று கடையில் ரொக்க விலையைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தவணைக்காரரிடம், முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை என் கையை விட்டு மொத்தம் எவ்வளவு போகும் என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். மாதம் எவ்வளவு என்பதை மட்டும்தான் அவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2024 அக்டோபரிலிருந்து தனிநபர்கள் வாங்குகிற தவணைக் கடன்களுக்கு "கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்" என்ற ஒரு முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்தாக வேண்டும். கடன் கொடுப்பவர் மூலம் வசூலிக்கிற இன்ஷூரன்ஸ் முதலான கட்டணங்களையும் சேர்த்து வருட வட்டி எத்தனை சதவீதம் என்று அதில் போட்டிருக்க வேண்டும். "தமிழில் அந்தத் தாளைக் கொடுங்கள், படித்துவிட்டு ஓடிபி சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நேரமில்லை, ஆஃபர் இன்றோடு முடிகிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வாரச் சம்பளக்காரர்கள் தவணைத் தேதியைக் கேட்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள். மெயில் இல்லையென்றால் பிள்ளைகளின் மெயிலையாவது கொடுங்கள், அவர்களாக ஒன்றைப் போட விடாதீர்கள்.

கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை போடுகிறவர்கள், வட்டியைத் தள்ளுபடி செய்தாலும் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி பில்லில் வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கடைசித் தவணை 2026 பிப்ரவரி 2-ம் தேதி போனது. நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். அதோடு முடிந்தது என்று இருந்தபோது, மகள் வங்கி ஆப்பைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். அன்று நான் சொன்ன மூன்றாவது ஓடிபியில் பதிவான அனுமதி அப்படியே உயிரோடு இருந்தது. அதில் அதிகபட்சத் தொகை 2,300 என்று இல்லை, 50,000 என்று இருந்தது. கடன் முடிந்தும் அனுமதி முடியவில்லை. போன வாரம் வங்கியில் எழுதிக்கொடுத்து ரத்து செய்தேன். உங்கள் வங்கி ஆப்பிலும் "மேண்டேட்" என்ற இடத்தில் போய்ப் பாருங்கள், எப்போதோ கட்டி முடித்த மிக்ஸி, டிவி, போன் எதற்காவது இன்னும் அனுமதி திறந்து கிடக்கலாம்.