அப்டேட் பாதியில் விழுந்தால் எது எளிதில் எழும்? உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே: ஓர் ஒப்பீட்டு அலசல்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத, ஆனால் இன்னும் திடமாக ஓடும் லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்புவது இயல்பு. அதில் உபுண்டு, மின்ட் என்று பல வகைகள் (டிஸ்ட்ரோக்கள்) உண்டு. அப்போது எழும் கேள்வி பெரும்பாலும் "எது அழகு, எது வேகம்" என்பதாகவே இருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அப்டேட் பாதியில் நின்றுபோனால், நேற்று இருந்த நிலைக்கு எப்படித் திரும்புவது?

சிங்கப்பூரில் பதிவிறக்கும் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டு ஃபைபரில் ஒரு ஜிபி கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பின்தான் தொடங்குகிறது. பேக்கேஜ்கள் (மென்பொருள் மூட்டைகள்) விரிந்துகொண்டிருக்கும்போதே எம்ஆர்டி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மூடியை மூடிவிடுகிறோம். 128 ஜிபி டிஸ்க் நிறைந்துவிடுகிறது. பேட்டரி கைவிடுகிறது.

மளிகைக் கடைக் கணக்காகவே சொல்லலாம். உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட், என்ன வந்தது என்று குறித்து வைக்கும். பழைய சரக்கை வைத்துக்கொள்ளாது. ஃபெடோராவின் டிஎன்எஃப், கணக்கைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கவும் தெரிந்தது. சரக்கு மட்டும் கையிருப்பில் இருக்காது. ஆர்ச்சின் பேக்மேன், பழைய சரக்கையெல்லாம் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும். எடுத்துத் தருவது நம் வேலை. ஓப்பன்சூசே கடை முழுவதையும் படம்பிடித்து வைத்துவிடுகிறது. பழுது பார்ப்பதில் உள்ள வித்தியாசம் எல்லாம் இதிலிருந்தே வருகிறது.

(டெர்மினல் என்ற எழுத்துத் திரையில் தட்டும் கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். பேக்மேனுக்குப் பின் வரும் கோட்டை அடுத்த முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து.)

டிஸ்ட்ரோமேல் பழி போடுவதற்கு முன்

நூலகத்தில் உட்கார்ந்து வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பொது வைஃபையில் 'சுடோ ஆப்ட் அப்டேட்' தட்டுகிறீர்கள். 'நோஸ்பிளிட்' என்ற சொல்லோடு ஒரு பிழை வருகிறது. கடைசியில், நெட்வொர்க்கில் உள்நுழைய வேண்டுமா என்றும் கேட்கிறது. அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உள்நுழைவுப் பக்கத்தை நீங்கள் இன்னும் தாண்டவில்லை. பேக்கேஜ் பட்டியலுக்குப் பதிலாக அந்த வலைப்பக்கத்தையே ஆப்ட் வாங்கிப் படித்துக் குழம்பியிருக்கிறது. பிரவுசரைத் திறந்து உள்நுழைந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை அப்படியே நின்றால், /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் ஃபோல்டரில் உள்ளவற்றை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். பேக்கேஜ்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்களான மிரர்களின் பட்டியலை எச்டிடிபிஎஸ் வழியாக வாங்கும் ஃபெடோராவில் இதே கோளாறு சான்றிதழ்ப் பிழையாகத் தெரியும். நோய் ஒன்றுதான்.

அடுத்தது கடிகாரம். சில ஆண்டுகள் அலமாரியில் கிடந்த லேப்டாப்பில் மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். 'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஆப்ட் சொல்வது இதனால்தான். ஆர்ச்சில் இது கையொப்பப் பிழையாக வரும். 'டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ' கொடுத்து நேரம் சரியானதும் பாதிப் பிழைகள் தாமாகவே மறையும்.

மூன்றாவது, டிஸ்க்கில் மீதமுள்ள இடத்தைக் காட்டும் 'டிஎஃப் -எச்'. எந்தப் பழுதுக்கும் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். டிஸ்க் 100% நிறைந்திருக்கும்போது ஓட்டும் பழுதுக் கட்டளைகள் நிலைமையை இன்னும் சிக்கலாக்கும்.

உபுண்டு: விழுந்த இடத்திலிருந்து முன்னோக்கித்தான் எழ வேண்டும்

அதிகம் கேட்கப்படும் கேள்வி பூட்டைப் பற்றியது. காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் அப்டேட் கொடுத்தால், 'லாக்-ஃபிரன்ட்எண்ட் கிடைக்கவில்லை, அன்அட்டெண்டட்-அப்கிரேட் வைத்திருக்கிறது' என்று வரும். பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானே போடும் டைமர் காலை 6 மணிக்கு ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால், திறந்த சிறிது நேரத்தில் விட்ட வேலையைத் தொடங்கிவிடும். பத்து நிமிடம் பொறுங்கள். பூட்டு ஃபைலை அழிக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பவே நம்பாதீர்கள். உள்ளே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது பூட்டை உடைத்து இன்னொருவரையும் எழுத விட்டால், பேக்கேஜ் தரவுத்தளமே கெட்டுப்போகும்.

மின்சாரமோ மூடியோ பாதியில் கெடுத்திருந்தால் வரிசை இதுதான்: முதலில் 'சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', அடுத்து 'சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்', பிறகு 'சுடோ ஆப்ட் அப்டேட்', கடைசியாக 'சுடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. முதல் கட்டளை, விரித்து வைத்துவிட்டு அமைக்காமல் விட்ட பேக்கேஜ்களை முடித்துவைக்கும். இரண்டாவது, சார்பு (ஒன்று இயங்கத் தேவைப்படும் மற்றொரு பேக்கேஜ்) அறுந்தவற்றைச் சேர்க்கும் அல்லது நீக்கும். இந்த 'நீக்கும்' என்பதில்தான் கண் வேண்டும். 'பின்வரும் பேக்கேஜ்கள் நீக்கப்படும்' என்ற பட்டியலில் உபுண்டு-டெஸ்க்டாப், நெட்வொர்க்-மேனேஜர், தமிழில் தட்டச்சுச் செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் போன்ற பெயர்கள் இருந்தால் 'ஒய்' அழுத்தாதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியே உள்ளவர்கள் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியம்) வெளியிலிருந்து கொண்டுவந்த புது வெர்ஷன்தான் காரணம். 'பிபிஏ-பர்ஜ்' அந்தக் களஞ்சியத்தை மூடி, உபுண்டுவின் வெர்ஷனுக்கே திருப்பிவிடும்.

டிஸ்க்கை என்கிரிப்ட் (குறியாக்கம்) செய்து நிறுவியவர்களுக்குத் தனித் தலைவலி ஒன்று உண்டு. கணினி எழத் தேவையான ஃபைல்கள் உள்ள /பூட், தனிப் பார்ட்டிஷனாக (டிஸ்க்கின் தனிப் பகுதியாக) இருக்கும். பழைய நிறுவல்களில் அது ஒரு ஜிபிகூட இருக்காது. மூன்று கெர்னல்கள் (கெர்னல் என்பது சிஸ்டத்தின் மையப் பகுதி) சேர்ந்தால் நான்காவதற்கு இடமில்லை. புதுக் கெர்னல் எழத் தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலை எழுதும்போது 'இடமில்லை' என்று நின்று, கெர்னல் பேக்கேஜ் பாதி அமைந்த நிலையில் தொங்கும். 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்தால், உடைந்த சார்பைக் காட்டி அதுவும் மறுக்கும். அப்போது 'யூநேம் -ஆர்' கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எதுவென்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது அல்லாத, மிகப் பழைய ஒரு 'இனிட்ஆர்டி.ஐஎம்ஜி' ஃபைலை மட்டும் /பூட்டிலிருந்து நீக்குங்கள். கிடைத்த இடத்தில் 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' முடிந்துவிடும். அதன்பின் 'சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' மீதியைச் சுத்தம் செய்யும்.

'கெப்ட் பேக்' என்று சில பேக்கேஜ்கள் ஒதுங்கி நின்றால் கவலைப்பட வேண்டாம். உபுண்டு சில அப்டேட்டுகளைக் கட்டம் கட்டமாக, முதலில் சிலருக்கு மட்டும், வெளியிடுகிறது. உங்கள் முறை வரும்போது தானே இறங்கும். 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' வந்தால், பெரும்பாலும் மிரர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரம். உபுண்டு.சோர்சஸ் ஃபைலில் முகவரியின் தொடக்கத்தில் உள்ள 'எஸ்ஜி.' என்பதை எடுத்துவிட்டால் தலைமைக் களஞ்சியத்துக்கே போய்விடும்.

இத்தனை செய்தும், உபுண்டு 24.04இல் "நேற்றைய வெர்ஷனுக்குப் போ" என்று ஆப்ட்டிடம் ஒரே வார்த்தையில் கேட்க வழியில்லை. 'ஆப்ட்' கட்டளை நிறுவி முடித்ததும் இறக்கிய ஃபைல்களையும் அழித்துவிடும். /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் மட்டுமே துணை.

மின்ட்: அதே ஆப்ட், ஆனால் பக்கத்தில் டைம்ஷிஃப்ட்

மின்ட் 22, உபுண்டு 24.04இன் மேல்தான் நிற்கிறது. மேலே சொன்ன கோளாறுகளும் மருந்துகளும் இதற்கும் பொருந்தும். வித்தியாசம், சிஸ்டத்தின் நகலை எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் செயலி கூடவே வருவதுதான். வந்தால் மட்டும் போதாது. நிறுவிய அன்றே திறந்து அமைக்க வேண்டும். இஎக்ஸ்டி4 (வழக்கமான ஃபைல் அமைப்பு) டிஸ்க்கில், ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் முறையைத் தேர்ந்தெடுத்து, தினசரி 2, வாராந்தரம் 1 என்று வையுங்கள். முதல் நகல் சிஸ்டம் அளவுக்கே இடம் பிடிக்கும். அடுத்தடுத்தவை மாறியதை மட்டும் சேர்க்கும். 128 ஜிபி டிஸ்க்கில் இதைவிட அதிகம் வைத்தால் நகலே டிஸ்க்கை அடைத்துவிடும். டெஸ்க்டாப் எழாவிட்டால் மின்ட் யுஎஸ்பியில் பூட் செய்து, அதிலுள்ள டைம்ஷிஃப்டைத் திறந்து, டிஸ்க்கைக் காட்டி 'ரீஸ்டோர்' கொடுத்தால் போதும். டெர்மினலே தெரியாத அம்மாவுக்குக்கூட ஃபோனில் சொல்லிச் செய்யவைக்கலாம்.

ஃபெடோரா: கணக்கு உண்டு, சரக்கு இல்லை

ஃபெடோரா 41 முதல் டிஎன்எஃப்5. சாஃப்ட்வேர் செயலி வழியாகப் போடும் அப்டேட், ரீபூட் ஆகும்போது தனியாக நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் காலடியில் ஃபைல்களை மாற்றாததால் பாதி விபத்துகள் இதிலேயே தவிர்ந்துவிடும். டெர்மினல் பிரியர்களும் இந்த வழியையே பின்பற்றலாம்.

கெட்டது தெரிந்தால் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி லிஸ்ட்' பார்த்து, எண்ணைக் குறித்து, 'சுடோ டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ' கட்டளையோடு அந்த எண்ணைக் கொடுக்கலாம். காகிதத்தில் அற்புதம். நடைமுறையில் ஒரு தடை உண்டு: அப்டேட் களஞ்சியத்தில் ஒவ்வொரு பேக்கேஜின் கடைசி வெர்ஷன் மட்டுமே இருக்கும். நேற்றைய வெர்ஷன் முந்தைய அப்டேட்டாக வந்ததென்றால், இன்று அது அங்கே இருக்காது. 'அண்டூ' பாதிக்குமேல் "பேக்கேஜ் இல்லை" என்று புலம்பும். புதிதாக நிறுவியதை நீக்கவும், நீக்கியதைத் திரும்ப நிறுவவும் நன்றாக உதவும். பழைய வெர்ஷன் ஒன்றிரண்டு வேண்டுமென்றால் ஃபெடோராவின் கோஜி தளத்திலிருந்து கையால்தான் இறக்க வேண்டும். பலவிதப் பேக்கேஜ்கள் கலந்து குழம்பியிருந்தால் 'சுடோ டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க்' எல்லாவற்றையும் களஞ்சியத்தின் வரிசைக்குக் கொண்டுவரும்.

என்விடியா கார்டு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தின் டிரைவர், புதுக் கெர்னல் வந்ததும் பின்னணியில் மாட்யூலை (கெர்னலோடு இணையும் டிரைவர் பகுதியை) கட்டும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகலாம். உடனே ரீபூட் அழுத்தினால் கருந்திரை. 'மோட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா' ஓர் எண்ணைக் காட்டிய பிறகே ரீபூட் செய்யுங்கள் (இந்த 'எஃப்' மட்டும் பெரிய எழுத்து). ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கிரப் எனும் பூட் மெனுவில் முந்தைய கெர்னல் காத்திருக்கும். ஃபெடோரா வழக்கமாக மூன்றை வைத்திருக்கிறது.

ஆர்ச்: கிடங்கு நிறையச் சரக்கு

ஆர்ச் அடிக்கடி உடையும் என்ற பேச்சில் பாதி, பயன்படுத்துவோர் செய்யும் ஒரே தவறிலிருந்து வருவது. 'பேக்மேன் -எஸ்ஒய்' கொடுத்து ஒரே ஒரு செயலியை மட்டும் நிறுவுவது. பட்டியல் புதிது, மற்ற லைப்ரரிகள் (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் ஃபைல்கள்) பழையவை. அடுத்த நிமிடம் ஏதாவது ஒன்று லைப்ரரி கிடைக்கவில்லை என்று விழும். எப்போதும் 'பேக்மேன் -எஸ்ஒய்யூ' மட்டுமே.

இதற்கு ஒரே ஒரு நியாயமான விலக்கு உண்டு. பல மாதம் தொடாத மெஷினில் 'கெட்ட அல்லது செல்லாத பேக்கேஜ், பிஜிபி கையொப்பம்' என்று வந்தால், முதலில் கையொப்பச் சாவிகள் அடங்கிய ஆர்ச்லினக்ஸ்-கீரிங்கை '-எஸ்ஒய்' கொண்டு போட்டுவிட்டு, உடனே '-எஸ்யூ'.

அப்டேட்டுக்கு முன் ஆர்ச் தளத்தின் செய்திப் பகுதியைப் பாருங்கள். 2025 ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பிரித்தபோது, 'ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது' என்று பலருக்கு அப்டேட் நின்றது. மருந்து இரண்டே வரி: 'பேக்மேன் -ஆர்டிடி லினக்ஸ்-ஃபர்ம்வேர்', அடுத்து 'பேக்மேன் -எஸ்ஒய்யூ லினக்ஸ்-ஃபர்ம்வேர்'. செய்தியைப் படித்தவருக்கு ஒரு நிமிட வேலை. படிக்காமல் கண்டதை மேலெழுதியவருக்கு ஒரு மாலை போயிருக்கும்.

கெர்னல் அப்டேட் ஆனதும் யுஎஸ்பி டிஸ்க் செருகினால் தெரியவில்லையா? கெட்டுப்போகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலின் மாட்யூல்களைப் பேக்மேன் நீக்கிவிட்டது. ரீபூட் செய்தால் சரி. ஆர்ச் பழைய கெர்னலை வைத்திருக்காது என்பதால் நீண்டகால ஆதரவுள்ள கெர்னலான லினக்ஸ்-எல்டிஎஸ் பேக்கேஜையும் கூடவே நிறுவி, பூட் மெனுவில் இடம்பெறச் செய்வது நல்லது.

திரும்பிப் போக வேண்டுமா? /வார்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி ஃபோல்டரில் பழைய வெர்ஷன்கள் அப்படியே இருக்கும். 'பேக்மேன் -யூ' கட்டளையோடு அந்த ஃபைலின் பாதையைக் கொடுங்கள். இடம் பிடிக்கிறதே என்று எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள்; 'பேக்கேஷ் -ஆர்' கடைசி மூன்று வெர்ஷன்களை விட்டுவிட்டு மீதியை நீக்கும் (இதில் எல்லாமே சிற்றெழுத்து).

பூட் ஆகவே இல்லையென்றால் ஆர்ச் யுஎஸ்பியில் பூட் செய்து, ரூட் (சிஸ்டம் இருக்கும்) பார்ட்டிஷனை /எம்என்டியில் மவுன்ட் செய்யுங்கள் (இணையுங்கள்). பூட் பார்ட்டிஷனையும் அதற்குள் அதன் வழக்கமான இடத்தில் மவுன்ட் செய்யுங்கள். இந்த இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். மறந்தால் புதுக் கெர்னல் தவறான இடத்தில் எழுதப்படும். பிறகு டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைய 'ஆர்ச்-சிரூட் /எம்என்டி', அடுத்து 'பேக்மேன் -எஸ்ஒய்யூ', கடைசியாக 'எம்கேஇனிட்சிபிஐஓ -பி' (இந்த 'பி' பெரிய எழுத்து).

ஓப்பன்சூசே டம்பிள்வீட்: முழுக் கடையின் படம்

மீட்பு என்ற ஒரே அளவுகோலில் இதற்கே முதலிடம். ஓப்பன்சூசேயின் ஒரு பதிப்பான டம்பிள்வீட்டை இயல்பான பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் அமைப்பில் நிறுவினால், சிஸ்டத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு 'ஸிப்பர் டப்' கட்டளைக்கும் முன்னும் பின்னும் ஸ்நாப்பர் என்ற கருவி ஒரு படம் எடுத்துவைக்கும். கெட்டால் பூட் மெனுவில் முந்தைய படத்தைத் தேர்ந்தெடுத்து நுழைந்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்து, 'சுடோ ஸ்நாப்பர் ரோல்பேக்' கொடுத்து ரீபூட். கெர்னலும் சேர்ந்தே பின்னால் போகும். யுஎஸ்பியும் வேண்டாம், சிரூட்டும் வேண்டாம்.

இதற்கும் விலை உண்டு. ரூட்டுக்கு 40 ஜிபியாவது ஒதுக்குங்கள். படங்கள் இடத்தைத் தின்னும்போது 'டிஎஃப்' சொல்வது முழு உண்மையாக இருக்காது. 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் /' பாருங்கள். வீடியோ ஓடத் தேவையான கோடெக்குகளுக்காகப் பேக்மேன் களஞ்சியத்தைச் சேர்த்தவர்களுக்கு (ஆர்ச்சின் கருவியோடு பெயர் மட்டுமே ஒற்றுமை) இரண்டு களஞ்சியங்களும் வெவ்வேறு நாளில் புதுப்பிக்கப்படுவதால் அவ்வப்போது மோதல் வரும். ஸிப்பர் மூன்று நான்கு தீர்வுகளை எண்ணிட்டுக் காட்டும். அவசரப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் 'சி' அழுத்தி வெளியேறி, இரண்டு நாள் கழித்து ஓட்டினால் பெரும்பாலும் மோதலே இருக்காது.

யாருக்கு எதைப் போடுவது

பெற்றோரின் லேப்டாப்புக்கு மின்ட், டைம்ஷிஃப்டோடு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை கணினியைக் கற்றுக்கொள்ள விரும்பினால் டம்பிள்வீட். சிஸ்டத்தில் எதைக் கெடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் திரும்பலாம். புதிய ஹார்ட்வேரில் அன்றாட வேலை செய்பவருக்கு ஃபெடோரா. ஆர்ச்சை, வாரம் ஒருமுறையாவது அப்டேட் செய்து செய்தியும் படிப்பவர் எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் மெஷினில் வேண்டாம். உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் டைம்ஷிஃப்டை நீங்களே நிறுவிவிடுங்கள்.

எதை எடுத்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த மீட்புகளெல்லாம் சிஸ்டத்தை மட்டும் பின்னுக்கு இழுக்கும். உங்கள் சொந்த ஃபைல்கள் உள்ள /ஹோம் இன்றைய நிலையிலேயே இருக்கும். அதனால் ரோல்பேக் செய்ததும் ஃபயர்ஃபாக்ஸ், "இந்த ப்ரொஃபைலைப் புதிய வெர்ஷன் பயன்படுத்தியிருக்கிறது" என்று சொல்லித் திறக்க மறுக்கலாம். புது ப்ரொஃபைல் உருவாக்கச் சொல்லும் பட்டனை அழுத்தினால் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் இல்லாத வெறும் பிரவுசர் வரும். பழையவை அழிந்துவிடவில்லை, முந்தைய ப்ரொஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. 'வெளியேறு' கொடுத்து, ஃபயர்ஃபாக்ஸை மட்டும் தனியாகப் புது வெர்ஷனுக்கு ஏற்றிவிட்டுத் திறவுங்கள்.