வட்டியில்லாக் கடனில் ஓடிய பேக்டெஸ்ட்: உத்தி வாங்குவோர் கவனத்துக்கு

பங்கு வர்த்தக உத்திகளைச் சந்தா முறையில் விற்கும் ஒரு சேவை, ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு என் கையில் ஒரு பொய்க் கணக்கைத் திணித்திருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். கணக்கை எப்படிப் பொய்யாக்கினார்கள் என்பதைச் சொல்கிறேன். அந்தப் பொய் இன்னும் பல இடங்களில் விற்பனைக்கு இருக்கிறது.

அவர்கள் காட்டிய அறிக்கை 2004 முதல் 2023 வரையிலான அமெரிக்கப் பங்குகளை வைத்து ஓட்டிய பேக்டெஸ்ட், அதாவது பழைய விலைகளில் உத்தியை ஓட்டிப் பார்க்கும் சோதனை. சொந்தப் பணம் 100 என்றால், பங்குகளை ஈடாக வைத்துக்கொண்டு தரகர் தரும் மார்ஜின் கடன் இன்னொரு 100. ஆண்டுக்கு 18 சதவீத வளர்ச்சி. 20 ஆண்டுகளில் போட்ட பணம் 27 மடங்கு. வழவழப்பான ஒரு வரைபடமும் உண்டு. வரைபடத்தில் கடன் தெரியாது என்பதுதான் அதன் வசதி.

வர்த்தகப் பதிவேட்டைக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்த கோப்பில் ரொக்க இருப்பு என்ற பத்தி பெரும்பாலான நாட்களில் எதிர்மறையாக இருந்தது. அது சரிதான், கடன் வாங்கியிருந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடனுக்கு ஒரு நாள்கூட வட்டி பிடிக்கப்படவில்லை. கையில் மிச்சப் பணம் இருந்த சில நாட்களுக்கு மட்டும் வட்டி வரவு வைத்திருக்கிறார்கள்! வரவுக்கு வட்டி, பற்றுக்கு இல்லை. இப்படி ஒரு தரகர் எங்கேயாவது இருந்தால் முகவரியை எனக்கும் கொடுங்கள்.

இந்த ஒரு விடுதலின் விலை என்ன? சொந்தப் பணத்துக்குச் சமமான கடனுக்கு 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதம் சுமார் 12 ஆக இறங்கும். 20 ஆண்டுக் கூட்டு வளர்ச்சியில் 27 மடங்கு என்பது 10 மடங்குக்கும் கீழே போய்விடும். அறிக்கையில் அவர்கள் பெருமையாகக் காட்டிய செல்வத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தேறுகிறது.

மென்பொருள் மீது பழி போட முடியாது. பேக்டிரேடர் என்ற பைத்தான் நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வட்டி விகிதத்தின் இயல்பு மதிப்பு பூஜ்யம். அதை மாற்றினாலும் ஷார்ட் நிலைகளுக்குத்தான், அதாவது கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்றதற்குத்தான், வட்டி பிடிக்கும். வாங்கி வைத்த பங்குகளுக்கும் பிடிக்க வேண்டுமென்றால் தனியாக ஓர் அமைப்பை இயக்க வேண்டும். இதெல்லாம் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு விற்பவர் அதைப் படித்திருக்க வேண்டும்.

புகார் அனுப்பியதும் ‘திருத்திய’ அறிக்கை ஒன்று வந்தது. 20 ஆண்டுகளுக்கும் ஒரே 2 சதவீத வட்டி! அமெரிக்க மத்திய வங்கியின் அடிப்படை விகிதமே 2007-இல் 5.25 சதவீதமாக இருந்தது. 2008 கடைசியிலிருந்து 2015 வரை பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. 2023-இல் 5.25 முதல் 5.50 வரை ஏறியது. தரகர் இதற்கு மேல் தன் லாபத்தையும் சேர்த்துத்தான் கடன் கொடுப்பார். வட்டி ஏறிய காலத்தில் இந்த உத்தி நின்றதா விழுந்ததா என்பதை 2 சதவீதம் என்ற நேர்கோடு சொல்லவே சொல்லாது.

வட்டியைவிடப் பெரிய புரட்டு மார்ஜின் கால் விஷயத்தில் இருந்தது. சொந்தப் பணத்தின் விகிதம் எல்லைக்குக் கீழே போனால், மேலும் பணம் போடு, இல்லையேல் பங்கை விற்றுவிடுவேன் என்று தரகர் சொல்வதுதான் மார்ஜின் கால். அமெரிக்காவில் சொத்து மதிப்பில் குறைந்தது 25 சதவீதமாவது சொந்தப் பணமாக இருக்க வேண்டும் என்பது விதி. பல தரகர்கள் 30, 40 என்று அதிகமாகவே கேட்பார்கள். 100 கடனோடு 200-க்குப் பங்கு வாங்கியவரின் சொத்து 133-க்குக் கீழே போனால், அதாவது மூன்றில் ஒரு பங்கு விழுந்தால், 25 சதவீத எல்லை உடைகிறது. 30 கேட்கும் தரகரிடம் 143-இலேயே உடையும். 2020 பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் இடையில் பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட எஸ் அண்டு பி 500 குறியீடு ஏறக்குறைய 34 சதவீதம் விழுந்தது. இவர்கள் வைத்திருந்ததோ பெரும்பாலும் சிறு நிறுவனங்களின் பங்குகள். பதிவேட்டின்படியே 200 மதிப்பு 124 ஆகியிருக்கிறது. கடன் 100, சொந்தம் 24, விகிதம் 19 சதவீதம். 25-க்கு மீள வேண்டுமென்றால் 28 மதிப்புள்ள பங்குகளை அந்த அடிமட்ட விலையிலேயே விற்றிருக்க வேண்டும். பதிவேட்டில் ஒரு பங்குகூட விற்கப்படவில்லை. பிறகு சந்தை மீண்டபோது, கையில் இருந்திருக்க முடியாத அந்தப் பங்குகளின் லாபத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

இத்தனைக்கும் இது நாள் முடிவு விலையில் போட்ட கணக்கு. நிஜத்தில் பகலின் நடுவே விலை எவ்வளவு ஆழத்துக்குப் போனது என்பதும் சேரும். நெருக்கடி நேரத்தில் தரகர் மார்ஜின் தேவையைத் திடீரென்று உயர்த்தலாம். உங்களைக் கேட்காமலே, தான் விரும்பிய பங்கை விற்கலாம். மார்ஜின் ஒப்பந்தங்களில் வழக்கமாகவே இருக்கும் நிபந்தனைகள் இவை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “சார், நீங்கள் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டீர்கள், இனி திருப்பித் தர இயலாது. கடந்தகால லாபம் வருங்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று நாங்களே போட்டிருக்கிறோமே?” என்றார் வாடிக்கையாளர் சேவைக்காரர். கடந்தகாலத்திலேயே வராத லாபத்துக்கு அந்த வாசகம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

யாராவது மார்ஜினோடு கூடிய உத்தியை விற்க வந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய பொறியில் (பேக்டெஸ்ட் ஓட்டும் மென்பொருளில்) இரண்டு போலி விலை வரிசைகளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதலாவது, விலை ஓராண்டு முழுக்க அசையாமல் நிற்கும் பங்கு. 100 சொந்தம், 100 கடன், 6 சதவீத வட்டி என்றால் ஆண்டு முடிவில் கணக்கில் 94-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். 100 அப்படியே நின்றால் வட்டி பிடிக்கவில்லை என்று பொருள். இரண்டாவது, விலை 40 சதவீதம் விழுந்து மறுபடி பழைய இடத்துக்கே ஏறும் பங்கு. நடுவில் கட்டாய விற்பனை பதிவாகி, முடிவில் தெளிவான நஷ்டம் தெரிய வேண்டும். சில நிமிட வேலைதான். என் சேவையிடமும் இதையே கேட்டேன். “எங்கள் பொறியை வெளியார் தரவில் ஓட்டுவது கொள்கைக்கு விரோதம்” என்று எழுதினார்கள். அடுத்த வாரமே என் சந்தாவையும் முடக்கிவிட்டார்கள்.