அக்சாய் சின்னா, தவாங்கா?

இந்தியா-சீனா எல்லைப் பிரச்னைன்னு ஒரே மூச்சுல சொல்லிடுறோம், ஆனா ரெண்டு முனையும் வேற வேற கதை, இதுல எதைத் தீர்க்குறது கஷ்டம்ங்குறதுதான் கேள்வி. மேற்குல லடாக் பக்கம் சீனா கையில இருக்குற அக்சாய் சின், சுமார் 38,000 சதுர கிலோமீட்டர், உப்பு ஏரியும் வெறும் பொட்டல் மண்ணும்தான், ஊர்னு சொல்ல ஒண்ணும் கிடையாது, ஆனா சின்ஜியாங்ல இருந்து திபெத்துக்கு சீனா 1957ல போட்டு முடிச்ச ரோடு அது வழியாத்தான் போகுது, அதான் விட மாட்டேங்குறாங்க. கிழக்குல அருணாச்சலப் பிரதேசத்துல இருக்குற தவாங் அப்படியே தலைகீழ், மோன்பா பழங்குடி மக்கள், 17ம் நூற்றாண்டு புத்த மடம், ஆறாவது தலாய் லாமா பொறந்த இடம். தவாங்கை இந்தியா பக்கம் வெச்சு பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் 1914ல போட்ட மக்மோகன் எல்லைக்கோட்டை சீனா ஒத்துக்கல, ஆனா 1951ல இந்திய நிர்வாகம் தவாங்குக்குள்ள போயிடுச்சு. 1962 போர்ல தவாங்கைப் பிடிச்சுட்டு திரும்பிப் போனவங்க அக்சாய் சின்ல மட்டும் நகரவே இல்ல (கவனிச்சீங்களா?). இருந்தாலும் எனக்கு தவாங்தான் கஷ்டமான கேஸ்னு தோணுது, 1959ல இப்போ இருக்குற தலாய் லாமா தப்பிச்சு வந்ததும் அந்த வழியாத்தான், அடுத்த தலாய் லாமா யாருங்குற சண்டையும் அதோட ஒட்டிக்கிட்டு இருக்கு.