எரிக்காத கணப்புக்குக் கம்பளி அடைப்பான்: வாங்கலாமா?

பிரிட்டனில் விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்கள் குளிர் தொடங்கியதும் ஜன்னல் இடுக்குகளுக்குத்தான் முதலில் டேப் ஒட்டுகிறார்கள். வரவேற்பறையில் அழகுக்காக நிற்கும் பழைய கணப்பை, அதாவது ஃபயர்பிளேஸை, யாரும் சந்தேகிப்பதில்லை. நெருப்பே மூட்டாவிட்டாலும் திறந்த சிம்னி இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஹீட்டர் சூடாக்கிய காற்று எடை குறைந்து சிம்னி வழியே மேலேறி வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கதவடியிலும் தரைப்பலகை இடுக்குகளிலும் வெளிக்குளிர் புகும். காலில் குளிர் உறைப்பது கதவருகே, அதை இழுப்பதோ சிம்னி.

உறுதிசெய்ய ஓர் ஊதுபத்தி போதும். ஹீட்டிங் ஓடும்போது கணப்பின் வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே வளைந்து மேலே போனால் சூடு அங்கேதான் கரைகிறது. அறைப்பக்கம் தள்ளப்பட்டால் வெளிக்காற்று சிம்னி வழியே இறங்குகிறது. அப்போது கூரைமேல் குழாய்க்குக் காற்றோட்டமுள்ள தொப்பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொப்பி இல்லாத சிம்னியில் மழையும் இறங்கும், காக்கைகளும் கூடு கட்டும்.

எரிக்காத சிம்னியை அடைக்கக் கடைகளில் முக்கியமாக இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன: ஊதி நிரப்பும் பிளாஸ்டிக் பலூன், தடித்த கம்பளிப் பட்டையால் ஆன அடைப்பான். கம்பளி வகையில் பெயர்பெற்றது சிம்னி ஷீப். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து ஹெர்ட்விக் ஆடுகளின் முரட்டுக் கம்பளியை அழுத்திச் செய்வது. கீழே தொங்கும் கைப்பிடியோடு வட்டம், சதுரம், செவ்வகம் எனப் பல அளவுகளில் வருகிறது.

பழைய செங்கல் வீட்டுக்குக் கம்பளியே நல்லது என்று தயங்காமல் சொல்லலாம். அந்தச் சுவர்கள் ஈரத்தை இழுத்து, காற்றோட்டத்தில் உலர்பவை. காற்றே போகாதபடி சிம்னியை இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கி, கணப்பை ஒட்டிய சுவரில் பழுப்புக் கறையும் பூஞ்சணமும் வரும். கம்பளி காற்றோட்டத்தைப் பெருமளவு தடுத்தாலும் கொஞ்சம் கசியவிடும். ஈரத்தை உறிஞ்சிப் பின் வெளிவிடும். பலூன் அப்படியல்ல. அதோடு, துருத்தி நிற்கும் சுண்ணச்சாந்துத் துணுக்கு ஒன்று போதும், அதில் ஓட்டை விழ. ஓட்டை இல்லாவிட்டாலும் மெல்லக் காற்றிறங்கித் தளரும், அவ்வப்போது ஊத வேண்டும். செய்தித்தாளையோ பழைய தலையணையையோ திணிப்பது இரண்டையும்விட மோசம். நனைந்து கனத்து விழும். மறந்துபோய் நெருப்பு மூட்டினால் பற்றியும் கொள்ளும்.

பலூன் வெல்லும் இடம் ஒன்று உண்டு. வார்ப்பிரும்புக் கணப்புகள் சிலவற்றில் மேலே கைநுழையும் அளவுக்கு ஒரு குறுகிய வாய்தான் இருக்கும். அதற்குள் தடித்த கம்பளியை மடக்கி ஏற்றுவது பெரும்பாடு. பலூனைச் சுருட்டி உள்ளே விட்டு ஊதிவிடலாம். ஆனால் அந்த வாய்க்கு இரும்பு மூடி இருந்து, அது துருப்பிடிக்காமல் மூடினால், எதையும் வாங்காமல் முதலில் அதை மூடிப் பாருங்கள்.

பொருத்தும் வேலையில் பெரும்பாலும் கெடுவது அளவுதான். கணப்பின் வாயை அளந்து வாங்கினால் பயனில்லை. டார்ச் அடித்து மேலே பாருங்கள்: அகன்ற பகுதி குறுகிச் சீரான குழாயாகும் இடத்தில்தான் அடைப்பான் உட்கார வேண்டும். அங்கே நீளம், அகலம் இரண்டையும் அளக்க வேண்டும். பழைய வீடுகளில் 9 அங்குலச் சதுரம் சாதாரணம், 14க்கு 9 அங்குலமும் உண்டு. அளவைவிட ஓர் அங்குலம் பெரியதாக எடுங்கள். உராய்வுதான் அதைத் தாங்குகிறது. மிகப் பெரிதானால் மூலைகளில் மடிப்பு விழுந்து இடைவெளி விடும், அதைக் கத்தரிக்கோலால் ஒழுங்காக்கலாம். சிறியதை ஒன்றும் செய்ய முடியாது.

ஏற்றுவதற்கு முன் சிம்னியைத் துப்புரவு செய்விக்க வேண்டும். இல்லையென்றால் கரி முழுவதும் கம்பளிமேல் சேர்ந்து, கழற்றும்போது கம்பளத்தில் கொட்டும். கண்ணாடியும் முகமூடியும் அணிந்து, கீழே பழைய போர்வை விரித்து, சற்றுச் சாய்த்து உள்ளே விட்டுப் பிறகு மட்டமாகத் திருப்புங்கள். கைப்பிடி வெளியே தெரியும்படி தொங்கட்டும். நெருப்பு மூட்ட வருபவருக்கு அதுவே எச்சரிக்கை. கம்பளி எளிதில் தீப்பற்றாது என்றாலும், புகையும் கார்பன் மொனாக்சைடும் அறைக்குள்தான் திரும்பும். பொருத்தியபின் மறுபடி ஊதுபத்தி பிடியுங்கள். புகை லேசாக அசைந்தால் சரி, விறுவிறுவென்று இழுத்தால் மூலையில் இடைவெளி இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை இறக்கி உதறி, துணிப்பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பளிக்கு உள்ள குறை இது. விலையும் பெரும்பாலும் பலூனைவிடக் கூடுதல், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டியிராது.

கேஸ் ஃபயரோ பாய்லரோ அதே குழாயில் புகைவிடுகிறது என்றால் இதை வாங்கவே கூடாது, ஒருநாள்கூட அடைக்கக் கூடாது. வாடகை வீடானால் முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கணப்புக்குப் பின்னால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.