எண்ணெய்த் தண்ணீருக்குக் கரியா, களிமண்ணா?

மண்டபத்தில் எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் விசைப்படகு எஞ்சின்கள்தான். அவற்றைக் கழுவுகிற தண்ணீரில் டீசல், எஞ்சின் ஆயில், சோப்பு, உப்பு எல்லாம் சேர்ந்தே வரும். மேலே மிதக்கிற எண்ணெயைத் தடுப்புத் தொட்டியில் வழித்துவிடலாம். சோப்போடு கலந்து பால் மாதிரி வெளுத்து நிற்கிற எண்ணெய்தான் தொல்லை. கடலில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. தென்கடல் பக்கம் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகள், அவற்றைச் சுற்றிக் கடல்புல். விதியே இல்லாவிட்டாலும் அந்த எண்ணெயை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் கரியைத்தான் போட்டோம். "நம்ம பக்கந்தான் கரிமூட்டம் இருக்கே" என்று பலரும் சொன்னார்கள். வேலிக்கருவைக் கரி அடுப்புக்கு நல்லது. ஆனால் நீராவியோ ரசாயனமோ கொடுத்து நுண்துளைகளைத் திறந்துவிடாத கரி இந்த வேலைக்கு உதவாது. அதனால் அப்படித் துளை திறந்த கரியாக, தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் வாங்கி, தண்ணீர் வடிகிற டிரம்மில் நிரப்பினோம். நல்ல சரக்கில் ஒரு கிராமுக்கே 1000 சதுர மீட்டர் வரை பரப்பு இருக்கும். தண்ணீரில் கரைந்த அழுக்கு, வாடை, நிறம் இவற்றுக்கு இன்றும் கரியைத்தான் சொல்வேன்.

எண்ணெய் வந்தால் கதை வேறு. சிரட்டைக் கரியின் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் சிறியவை. எண்ணெய்த் துளியோ அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. உள்ளே போக முடியாமல் வாசலை அடைத்துக்கொள்கிறது. பத்தாம் நாளே பையன் வந்து, "அண்ணே, டிரம்முல தண்ணி இறங்கலண்ணே" என்றான். உள்ளே இருந்த துளைகளில் பாதிக்கு மேல் வேலையே செய்யாமல் அந்தக் கரியைக் கொட்ட வேண்டியதாயிற்று.

அப்புறம் களிமண். மின்சார எர்த் குழியில் கொட்டுகிற சாதாரண பெண்டோனைட் களிமண்ணைத்தான் முதலில் கரைத்துப் பார்த்தேன். அதிலுள்ள மாண்ட்மோரில்லனைட் என்ற தாது ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளை ஓலைச்சுவடி மாதிரி அடுக்கியது. நல்ல தண்ணீரில் அடுக்கு விரியும். எங்கள் உப்புத் தண்ணீரில் விரியாமல் திரிதிரியாக அடியில் படிந்துவிட்டது. போதாததற்கு அந்த மண்ணுக்கு எண்ணெயைவிடத் தண்ணீர்தான் பிடிக்கும்.

அடுத்துப் போட்டது ஆர்கனோகிளே, அதாவது எண்ணெய்க்கென்றே பக்குவப்படுத்திய களிமண். அதில் அந்தத் தகடுகளுக்கு நடுவிலுள்ள சோடியத்தை எடுத்துவிட்டு, நீண்ட கொழுப்பு வால் கொண்ட அமோனியம் சேர்மத்தை ஏற்றியிருப்பார்கள். அதோடு மண்ணின் குணமே மாறிவிடுகிறது: தண்ணீரைத் தள்ளி எண்ணெயை இழுக்கும். எண்ணெய் துளைக்குள் நுழைய வேண்டியதில்லை, அந்த வால்களுக்குள் கரைந்தே போகிறது. உப்பு அதைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. தன் எடையில் பாதி அளவுக்குக்கூட எண்ணெய் பிடிக்கும். தனியாகப் போட்டால் எண்ணெய் குடித்து உப்பி அடைத்துக்கொள்ளும் என்பதால் 30 பங்கு மண்ணோடு 70 பங்கு ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரித் துண்டுகளைக் கலக்கிறோம்.

கிலோ கணக்கில் பார்த்தால் கரியைவிட இது விலை கூடுதல். ஆனாலும் எனக்கு முடிவைச் சொன்னது டிரம்மை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறோம் என்ற கணக்குதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி நிற்கும் அந்த நாட்களில்தான் எங்களுக்கு எஞ்சின் வேலை குவியும், கழிவுத் தண்ணீரும் அப்போதுதான் அதிகம். கரியை அந்த இரண்டு மாதத்தில் ஐந்தாறு முறை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வேலை நிற்கும், எண்ணெய் ஊறிய சரக்கும் மூட்டை மூட்டையாகச் சேரும். அது அபாயக் கழிவு. 2016 விதிகளின்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் பட்டறையில் வைத்திருக்க முடியாது, உரிமம் உள்ளவர்களிடம் காசு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். களிமண் கலவையைப் போன தடைக்காலத்தில் ஒரே ஒருமுறைதான் மாற்றினோம். வாங்கிய விலையில் போனது அனுப்பும் செலவில் திரும்பி வந்தது. கரியைச் சூளையில் 800 டிகிரி வரை சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பார்கள். பெரிய ஆலைக்குச் சரி, இரண்டு டிரம் வைத்திருக்கிற எங்களுக்கு அதற்கு வழியில்லை.

களிமண்ணில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஏற்றியிருக்கும் அமோனியம் சேர்மம் மட்டமான சரக்கில் கழன்று வரும், மீனுக்கு அது விஷம். அதனால் புது டிரம்மில் முதலில் கழுவி வரும் தண்ணீரை வெளியே விடாமல் தொட்டிக்கே திருப்பிவிடுகிறோம்.

நான் பேசுவது ஒரே ஒரு தடைக்கால அனுபவத்தை வைத்து, அதுவும் எண்ணெய்க்கு மட்டும். பரமக்குடிப் பக்கம் சாயத் தண்ணீரோடு போராடுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரியை நாங்கள் முழுக்க விட்டுவிடவும் இல்லை. களிமண் டிரம்முக்குப் பின்னால் சின்னதாக ஒரு கரி டிரம் நிற்கிறது. எண்ணெய் போன தண்ணீர்தான் அதற்குள் போகிறது. மிச்சமிருக்கும் டீசல் வாடையை அது எடுத்துவிடுகிறது. ஏழு மாதமாக அதே கரிதான் ஓடுகிறது.